இப்போதுதான் வந்து விழுந்த ஜானி

1977இல் லாகோஸ் நகரில் ஓர் இசைத்தட்டு வெளிவந்தது. பெயர் 'ஜே.ஜே.டி.', விரித்துச் சொன்னால் 'ஜானி ஜஸ்ட் டிராப்'. வானத்திலிருந்து தொப்பென்று விழுந்தவனைப்போல் இப்போதுதான் வந்து நிற்கும் ஜானி. பாடியவர் ஃபேலா அனிகுலாப்போ குட்டி. வெளிநாட்டில் சில காலம் இருந்துவிட்டு ஊர் திரும்பிய ஒருவன், அந்த நாட்டு உடுப்பையும் நடையையும் பேச்சையும் மாற்றாமல் கொண்டுவந்து லாகோஸ் வெயிலில் உலவுகிறான். தெரு அவனைப் பார்த்துச் சிரிக்கிறது. இருபது நிமிடத்துக்கு மேல் நீளும் பாட்டின் கதை இவ்வளவுதான்.

அதே பாடகர் அதே காலத்தில் பாடிய 'ஸோம்பி' உலகப் புகழ் பெற்றது. ராணுவத்தைச் சாடிய பாட்டு அது. பாடியவரின் வீடு எரிந்தது. அதற்குப் பக்கத்தில் வைத்தால் 'ஜே.ஜே.டி.' வெறும் விளையாட்டு. யாரும் சிறைக்குப் போகவில்லை, எந்த அமைச்சரும் கோபப்படவில்லை. ஆனால் மேற்கு ஆப்பிரிக்காவின் அரை நூற்றாண்டுப் பொருளாதாரத்தை இந்த விளையாட்டுப் பாட்டிலிருந்து தொடங்கிக் கேட்கலாம் என்பது என் எண்ணம். ஊர் திரும்புகிறவனைக் கண்டு அந்தப் பகுதியின் மெல்லிசை எப்போது சிரித்தது, எப்போது அண்ணாந்து பார்த்தது, எப்போது அவன் வீசிய நோட்டைக் குனிந்து பொறுக்கியது என்று வரிசையாகப் பார்த்தால், அந்தந்த நாட்டு நாணயத்தின் ஏற்ற இறக்கத்தை ஒட்டியே சிரிப்பும் ஏறி இறங்கியிருக்கிறது.

நைஜீரியாவிலும் கானாவிலும் வெளிநாடு போய் வந்தவர்களை 'பீன்-டு' என்பார்கள். காலனி ஆட்சிக் காலத்துப் பெயர். அன்று இங்கிலாந்தில் பட்டம் வாங்கி வந்தவனுக்கு, வெள்ளை அதிகாரிகளுக்கென்று இருந்த பதவி ஒன்றும், நல்ல குடியிருப்பும், கார் வாங்கக் கடனும் காத்திருந்தன. சினுவா அச்செபேயின் 'நோ லாங்கர் அட் ஈஸ்' (1960) நாவலில் ஒபி ஒகோன்க்வோ என்ற இளைஞனை லண்டனுக்கு அனுப்ப, உமுவோஃபியா ஊர்ச் சங்கம் 800 பவுண்டு திரட்டிக் கடனாகத் தருகிறது. படித்துத் திரும்பியவனுக்கு லாகோஸில் வரவேற்பு. ஊர்க்காரர்கள் முறையாக உடுத்திக்கொண்டு வந்திருக்க, இவன் புழுக்கம் தாளாமல் வெறும் சட்டையோடு போய் நிற்கிறான். சங்கச் செயலாளரின் வரவேற்புரை அலங்கார ஆங்கிலத்தில் முழங்குகிறது. லண்டன் பட்டதாரியின் பதிலுரை சாதாரண ஆங்கிலத்தில் முடிந்துவிடுகிறது. கூட்டத்துக்குப் பெருத்த ஏமாற்றம். இந்தக் காட்சியில் கேலிக்கு உள்ளாவது வெளிநாட்டைப் போதிய அளவு சுமந்து வராதவன் என்பதைக் கவனிக்க வேண்டும். ஊர் முதலீடு செய்திருக்கிறது. அதற்குரிய பகட்டைக் கேட்கிறது.

பத்தாண்டு கழித்து கானாவின் அய் க்வெய் ஆர்மா எழுதிய 'ஃபிராக்மென்ட்ஸ்' (1970) இதே ஏமாற்றத்தை இன்னும் கடுமையாகச் சொல்கிறது. பாக்கோ அமெரிக்காவில் படித்துவிட்டுக் கையை வீசிக்கொண்டு வருகிறான். அதே விமானத்தில் வந்த பிரெம்பாங் என்ற பகட்டுக்காரனுக்கு விமான நிலையத்திலேயே ராஜ உபசாரம். பாக்கோவின் அம்மாவுக்கு மகன் வந்த மகிழ்ச்சியோடு கூடவே கார் எப்போது வரும் என்ற கேள்வியும் இருக்கிறது. பசிபிக் தீவுகள் சிலவற்றில், கடலுக்கு அப்பாலிருந்து முன்னோர்கள் சரக்கு அனுப்புவார்கள் என்று நம்பிச் சடங்கு செய்த மக்கள் உண்டு. தன் வீட்டார் தன்னை அப்படிப்பட்ட சரக்குக் கப்பலாகத்தான் பார்க்கிறார்கள் என்று பாக்கோ குறிப்பேட்டில் எழுதுகிறான். கடைசியில் அவனுக்குச் சித்தம் கலங்கிவிடுகிறது. அமா அட்டா ஐடூவின் நாடகமான 'தி டிலெமா ஆஃப் எ கோஸ்ட்' படித்துத் திரும்பும் மகனோடு ஓர் அமெரிக்கக் கறுப்பின மருமகளையும் கானாக் கிராமத்தில் இறக்குகிறது. எழுத்தாளர்களுக்கு ஊர் திரும்புதல் பெரும்பாலும் துயரக் கதையாகவே இருந்தது. மெல்லிசை அதே ஆளை எடுத்துக்கொண்டு சிரிக்க வைத்தது.

சிரிப்பவருக்கு அதற்குத் தகுதி உண்டா? ஃபேலாவின் குடும்பமே தலைமுறை தலைமுறையாக ஊர் திரும்பியவர்களின் குடும்பம். தாத்தா ஜோசையா ஜெஸ்ஸி ரான்சம்-குட்டி ஆங்கிலிக்கன் பாதிரியார். யொரூபா மொழியில் பக்திப் பாடல்கள் கட்டியவர். 1922இல் லண்டனில் ஸோனோஃபோன் நிறுவனத்துக்காக அவற்றைப் பாடிப் பதிவு செய்தார். தாய் ஃபுன்மிலாயோவின் முன்னோர், அடிமையாக விற்கப்பட்டு, சியர்ரா லியோனில் விடுதலை பெற்று, நைஜீரியாவின் அபெயோகுட்டா நகருக்குத் திரும்பி வந்தவர்கள். அவரே 1919இல் இங்கிலாந்துக்குப் படிக்கப் போய் 1922இல் திரும்பினார். போனபோது அவர் பெயர் ஃபிரான்சிஸ் அபிகெயில். வந்த பிறகு அந்த இரண்டு பெயரையும் உதறிவிட்டு ஃபுன்மிலாயோ ஆனார். 1940-களின் கடைசியில் அபெயோகுட்டாவின் சந்தைப் பெண்களை ஆயிரக்கணக்கில் திரட்டி வரியை எதிர்த்துப் போராடி, உள்ளூர் அரசரைப் பதவி விலகவைத்த இயக்கத்துக்குத் தலைமை தாங்கியவர் அவர். இங்கிலாந்தில் படித்த அந்த அம்மாள் யொரூபாச் சேலைதான் உடுத்துவார். வெள்ளை அதிகாரிகளிடமும் யொரூபாவிலேயே பேசுவார். வெளிநாட்டிலிருந்து வந்தவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு ஃபேலாவின் வீட்டுக்குள்ளேயே ஓர் அளவுகோல் இருந்தது என்று இதைப் படிக்கலாம்.

ஃபேலா அந்த அளவுகோலுக்கு உடனே எட்டவில்லை. 1958இல் மருத்துவம் படிக்க லண்டனுக்கு அனுப்பப்பட்டவர், டிரினிட்டி இசைக் கல்லூரியில் சேர்ந்து டிரம்பெட் படித்தார். 'கூலா லோபிட்டோஸ்' என்ற குழுவை அங்கே தொடங்கினார். 1963இல் லாகோஸ் திரும்பி, வானொலியில் வேலை பார்த்துக்கொண்டு, மேற்கு ஆப்பிரிக்க நடன இசையான ஹைலைஃபையும் ஜாஸையும் கலந்து வாசித்தார். ஊர் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. லாகோஸின் காதுக்கு அதில் ஜாஸ் அதிகம். அந்த நாட்களின் ஃபேலா, 'ஜே.ஜே.டி.' ஃபேலாவின் கையில் சிக்கியிருந்தால் கிழிந்திருப்பார்.

1969இல் குழுவோடு அமெரிக்கா போனார். லாஸ் ஏஞ்சலஸில் சாண்ட்ரா ஸ்மித் என்ற பெண்ணைச் சந்தித்தார். பின்னாளில் சாண்ட்ரா இஸிடோர் என்று அறியப்பட்ட அவர் கறுப்பின விடுதலை இயக்கத்தில் ஈடுபட்டிருந்தவர். மால்கம் எக்ஸின் தன்வரலாற்றை ஃபேலாவுக்குப் படிக்கக் கொடுத்தார். கார்லோஸ் மூர் எழுதிய ஃபேலா வரலாற்றில் (1982) ஒரு நிகழ்ச்சி வருகிறது. உங்கள் பாட்டுக்கு என்ன அர்த்தம் என்று சாண்ட்ரா கேட்க, சூப்பைப் பற்றிப் பாடுகிறேன் என்றாராம் ஃபேலா. சூப்பைப் பற்றியா என்று அவர் சிரித்துவிட்டார். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த இசைக்காரனுக்கு ஆப்பிரிக்காவைப் பற்றி அமெரிக்காவில் பாடம் நடந்தது. 1970இல் ஊர் திரும்பியவர் வேறு ஆளாக இருந்தார். கோட்டைக் கழற்றினார், தெருவின் கலப்பு ஆங்கிலமான பிட்ஜினுக்கு மாறினார், குழுவின் பெயரில் ஆப்பிரிக்கா ஏறியது, 1970-களின் நடுவில் தன் பெயரிலிருந்த 'ரான்சம்' என்ற ஆங்கிலத் துண்டையும் வெட்டிப்போட்டு 'அனிகுலாப்போ' ஆனார். 1973இன் 'ஜென்டில்மேன்' பாட்டில், கொளுத்தும் வெயிலில் கோட்டு சூட்டு மாட்டி வியர்த்து வடியும் கனவான் கேலிக்குள்ளானார். 1976இன் 'எல்லோ ஃபீவர்' தோலை வெளுக்கவைக்கும் களிம்பைச் சாடியது. 'ஜே.ஜே.டி.' அந்த வரிசையில் வருவது.

ஆக, வெளிநாட்டு மோகத்தைக் கேலி செய்யும் அறிவே வெளிநாட்டில் கிடைத்த அறிவு. இதை ஃபேலாவின் முரண்பாடு என்று சொல்லி மடக்கிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. லாகோஸில் இவரை விட்டால் இந்தப் பாட்டை எழுத ஆளில்லை என்றுதான் தோன்றுகிறது. ஊரை விட்டே நகராதவனுக்கு ஜானியின் பதற்றம் தெரியாது. எந்தச் சொல்லை எந்த இடத்தில் மூக்கால் பேச வேண்டும், கைக்குட்டையை எப்போது எடுக்க வேண்டும் என்ற ஜானியின் கணக்குகளை எல்லாம் ஒரு காலத்தில் தானும் போட்டவர்தான் இவ்வளவு துல்லியமாகக் கேலி செய்ய முடியும்.

பாட்டின் ஒலியிலும் இதே கதை நடக்கிறது. டிரம்ஸ், பேஸ் கிட்டார், மின் கிட்டார், ஆர்கன், சாக்ஸஃபோன், டிரம்பெட் எல்லாம் கப்பலில் வந்தவை. குழுவில் இருந்த டோனி ஆலனின் டிரம்ஸில் அமெரிக்க ஜாஸ் வாசிப்பும் உள்ளூர்த் தாளங்களும் பிரிக்க முடியாதபடி கலந்திருந்தன. கிட்டார்கள் மெட்டுப் போடுவதில்லை. சிறிய சுரக்கோவை ஒன்றைத் தாளக் கருவி போல விடாமல் திருப்பித் திருப்பி வாசிக்கின்றன. அவற்றுக்கு நடுவே சுரைக்குடுக்கையைச் சுற்றிப் பாசி கோத்த ஷெக்கெரேயும், மரக்குச்சிகளும், கொங்காவும். பாட்டு தொடங்கி வெகுநேரம் குரலே வராது. குரல் வரும்போது ஃபேலா ஒரு வரி எடுக்க, பெண்கள் குழு பதில் சொல்லும். இறக்குமதியான ஒவ்வொரு கருவியும் உள்ளூர்ப் பழக்கத்துக்குப் படிந்து வேலை செய்கிறது. அப்படிப் படியாத ஒரே ஆள் பாட்டின் நாயகன்தான். வெளிநாட்டுச் சரக்கோடு எப்படி ஊர் திரும்புவது என்பதைச் சொல்லால் சொல்லாமல் வாத்தியத்தால் வாசித்துக் காட்டுகிற பாட்டு இது.

கேலிக்கும் வேர் உண்டு. யொரூபா நாட்டின் முகமூடிக் கூத்துகளில் அந்நியர்களைப் போலச் செய்து காட்டுவது பழைய வழக்கம். வெள்ளைக்காரனுக்கென்றே ஒரு முகமூடி உண்டு. நீண்ட மூக்கோடு விறைப்பாக நடந்து வந்து கைகுலுக்குவான், ஜோடி சேர்ந்து நடனமாடுவான், கூட்டம் உருளும். ஜானி அந்த முகமூடியின் தம்பி. முகம் மட்டும் உள்ளூர் முகம். ஃபேலாவின் இசைக்கூடமான 'ஷ்ரைன்' அரங்கில் வெள்ளிக்கிழமை இரவுகளுக்கு 'யாபிஸ்' என்று பெயர். யாபிஸ் என்றால் முகத்துக்கு நேரே கலாய்ப்பது. அரசாங்கத்தில் தொடங்கி, எதிரே உட்கார்ந்திருப்பவரின் சட்டைவரை எதுவும் தப்பாது. பார்வையாளர்களும் திருப்பிக் கொடுப்பார்கள். கலாய்க்கப்பட்டவன் எழுந்து போனால் தோற்றான். உட்கார்ந்து சிரித்தால் கூட்டத்தில் ஒருவனாகிவிட்டான். 'ஜே.ஜே.டி.'யையும் அப்படிக் கேட்பதே சரி. ஜானியை ஊரைவிட்டு விரட்டும் எண்ணம் பாட்டில் இல்லை. அவனும் சிரித்துவிட்டால் விஷயம் முடிந்தது.

இந்தச் சிரிப்பு ஏன் 1977இல் இவ்வளவு தாராளமாக வந்தது? அப்போது நைஜீரிய நாணயமான நைரா ஒன்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை அமெரிக்க டாலர். 1973இன் எண்ணெய் விலையேற்றத்துக்குப் பிறகு பணம் கொட்டியது. அரசு ஊழியர்களின் சம்பளம் ஒரே தாவலில் ஏறியது. 1975இல் அரசாங்கத் துறைகள் கணக்கு வழக்கில்லாமல் 2 கோடி டன் அளவுக்கு சிமெண்ட்டுக்கு ஆர்டர் கொடுத்துவிட, அதை இறக்க வழியின்றி நூற்றுக்கணக்கான கப்பல்கள் லாகோஸ் துறைமுகத்துக்கு வெளியே மாதக்கணக்கில் நின்றன. பக்கத்து நாடான கானாவிலிருந்து ஆசிரியர்களும் கூலிகளும் நைஜீரியாவுக்கு வேலை தேடி வந்தார்கள். லண்டன் கடைத்தெருவில் நைஜீரியர்கள் பெட்டி பெட்டியாக வாங்கிய காலம் அது. இப்படிப்பட்ட ஊருக்கு லண்டனிலிருந்து வருகிறவன் என்னத்தைக் கொண்டுவர முடியும்? சட்டை, சப்பாத்து, வாசனைத் திரவியம் எல்லாம் லாகோஸிலேயே கிடைக்கின்றன. அவனிடம் மிச்சமிருப்பது அவனுடைய பாவனை மட்டும். சரக்கு இல்லாமல் தோரணை மட்டும் வந்து இறங்கும்போது ஊருக்குச் சிரிப்பு வருகிறது. அச்செபேயின் உமுவோஃபியாக்காரர்களுக்கு 800 பவுண்டு பெரிய தொகை. ஃபேலாவின் கூட்டத்துக்கு ஜானி எதையும் கடன்பட்டிருக்கவில்லை, அவர்களும் அவனிடம் எதையும் எதிர்பார்க்கவில்லை.

அதே ஆண்டு ஜனவரி, பிப்ரவரியில் நைஜீரிய அரசு 'ஃபெஸ்டாக்' என்ற மாபெரும் கறுப்பினக் கலைவிழாவை லாகோஸில் நடத்தியது. அமெரிக்காவிலிருந்தும் கரீபியத் தீவுகளிலிருந்தும் கலைஞர்கள் தாயகத்துக்கு வருவதுபோல் வந்தார்கள். ஃபேலா விழாவைப் புறக்கணித்துத் தன் ஷ்ரைனில் இணையாக இசை நிகழ்த்தினார். விருந்தாளிகள் பலர் அங்கேயும் போனார்கள். விழா முடிந்த சில நாட்களில், பிப்ரவரி 18 அன்று, ஆயிரம் அளவிலான ராணுவத்தினர் அவர் தன் வீட்டுக்கு இட்டிருந்த பெயரான 'கலக்குட்டா குடியரசு'க்குள் புகுந்து அடித்து நொறுக்கித் தீ வைத்தார்கள். மாடியிலிருந்து தூக்கி எறியப்பட்ட ஃபுன்மிலாயோ மறு ஆண்டு இறந்தார். 'ஜே.ஜே.டி.' இசைத்தட்டின் உறையில் 'கலக்குட்டா குடியரசில் நேரடியாக' என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறது. பாட்டு கடைக்கு வந்த ஆண்டில் அந்த முகவரி கரிக்கட்டையாகிவிட்டது.

சிரிப்பு நெடுநாள் நீடிக்கவில்லை. எண்ணெய் விலை இறங்கியது. 1983 ஜனவரியில் நைஜீரியா, ஆவணம் இல்லாத அயல்நாட்டாரை இரண்டு வார கெடுவில் வெளியேறச் சொன்னது. பத்து லட்சம் அளவிலான கானாக்காரர்கள், கட்டம் போட்ட மலிவான பிளாஸ்டிக் பைகளில் அள்ளிக்கொண்டு கிளம்பினார்கள். அந்தப் பைக்கு இன்றும் 'கானா மஸ்ட் கோ' என்றுதான் பெயர். மேற்கு ஆப்பிரிக்க வரலாற்றின் மிகப் பெரிய ஊர் திரும்பல்களில் ஒன்று அது. அதைப் பற்றி விளையாட்டுப் பாட்டு எதுவும் எனக்குத் தெரிந்து எழவில்லை. அவர்கள் திரும்பி வந்த கானாவோ வறட்சியிலும் காட்டுத்தீயிலும் பஞ்சத்திலும் கிடந்தது. கானா நாணயத்தின் பெயர் செடி; அரசு நிர்ணயித்த விலையில் ஒரு டாலருக்கு 2.75 செடி, கள்ளச் சந்தையில் அதைப்போலப் பல மடங்கு. 1981இன் கடைசி நாளில் நடந்த ராணுவப் புரட்சிக்குப் பிறகு ஊரடங்கு. இரவு விடுதிகள் மூடின. வாத்திய இறக்குமதிக்குக் கடுமையான வரி. இசைக்காரர்கள் பிழைக்க வழியின்றிக் கிளம்பினார்கள். பலர் போய்ச் சேர்ந்த இடம் ஜெர்மனி.

அங்கே பெர்லினில் ஜார்ஜ் டார்க்கோவின் குழு 1983இல் பதிவு செய்த 'அக்கோ தே ப்ரோஃபோ' கானா இசையின் போக்கையே திருப்பியது. தலைப்பு, வெள்ளைக்காரன் மொழி அறிந்த கிளியைக் குறிக்கும். கிட்டாரும் துவி மொழிப் பாட்டும் பழைய ஹைலைஃப். சிந்தசைசரும் அமெரிக்க ஃபங்க் தாளமும் புதிது. கேசட்டுகளாக ஊருக்கு வந்த இந்த இசைக்கு 'பர்கர் ஹைலைஃப்' என்று பெயர் விழுந்தது. ஹாம்பர்க் நகரில் கானாக்காரர்கள் நிறைய இருந்ததால், ஜெர்மனியிலிருந்து வருகிற எவரும் ஊர்ப் பேச்சில் 'பர்கர்' ஆனார்கள். நாளடைவில் 'போகா' என்று சுருங்கி, எந்த வெளிநாட்டிலிருந்து வந்தாலும் அவர் போகாதான்.

போகாவை 1980-களின் கானா கேலி செய்யவில்லை. அவனைப் பார்த்து வாயைப் பிளந்தது. தோல் ஜாக்கெட்டும் வாசனைத் திரவியமும் டேப் ரெக்கார்டருமாக வந்து இறங்குகிறவன் ஒரு மாதத்தில் செலவழிக்கும் பணம், உள்ளூர் ஆசிரியரின் பல மாதச் சம்பளம். ஜெர்மன் மானிடவியலாளர் போரிஸ் நீஸ்வாண்ட் இதை ஆராய்ந்து 2011இல் ஒரு நூல் எழுதினார். ஜெர்மனியில் தரை துடைத்தும் தொழிற்சாலையில் நின்றும் கீழ்நிலையில் வாழ்கிற ஒருவர், அந்தச் சம்பளத்தாலேயே கானாவில் மேல்நிலைக்கு ஏறுகிறார்; ஓர் ஊரில் இழந்த மதிப்பை இன்னோர் ஊரில் ஈட்டுகிறார் என்பது அவர் வாதம். இது நிலைக்க வேண்டுமானால் அங்கே என்ன வேலை என்பது இங்கே தெரியக்கூடாது. தெரிந்தாலும் யாரும் வாய்விட்டுச் சொல்லக்கூடாது. ஃபேலாவின் கூட்டம் போட்டு உடைத்ததை, கானாவின் கூட்டம் மரியாதையாக மூடி வைத்தது. வீட்டுக்கூரைக்குத் தகரமும் தம்பியின் பள்ளிக் கட்டணமும் அந்தப் பைக்குள்ளிருந்துதான் வரவேண்டியிருந்தது.

டார்க்கோ 1980-களின் கடைசியில் ஊருக்கே திரும்பிவிட்டார். அவர் ஊர் ஆக்ரோபாங். 1990-களின் தொடக்கத்தில் அங்கே அவரைப் பாரம்பரியத் தலைவர் பொறுப்பில் அமர்த்தினார்கள். பெர்லினில் சிந்தசைசரோடு பாடியவர் அரண்மனைச் சபையில் உட்கார்ந்தார். 2024 மார்ச்சில் காலமானார். பேசத் தெரிந்த கிளியைப் பாடி வெளிநாட்டில் பேர் வாங்கியவர் கூட்டுக்கு வந்துவிட்டார் என்று யாராவது கேலி செய்திருந்தால் அவரே ரசித்திருப்பார் என நினைக்கிறேன்.

கானாவில் கேலி திரும்பிய காலமும் கவனத்துக்குரியது. 2007 ஜூலையில் பழைய பத்தாயிரம் செடியை ஒரு புதிய செடியாக்கினார்கள். அன்று ஒரு செடிக்கு ஏறத்தாழ ஒரு டாலர். 2010 டிசம்பரில் கடலடி எண்ணெய் வரத் தொடங்கியது. அதை ஒட்டிய ஆண்டுகளில்தான் ராப் பாடகர் சார்க்கோடியின் 'போகா' என்ற பாட்டு பரவியது. வெளிநாட்டில் படும் பாட்டை மறைத்து ஊரில் பந்தா காட்டுகிறவனைப் போட்டு வறுக்கும் பாட்டு. பையில் என்ன இருக்கிறது என்ற எதிர்பார்ப்பு குறைந்ததும் வாய் திறந்துவிட்டது. ஒரு பாட்டையும் ஒரு நாணயத்தையும் அடுத்தடுத்து வைத்து இப்படி முடிச்சுப் போடுவது ஆபத்தானது என்று தெரியும். நாணயம் பாட்டு எழுதுவதில்லை. ஆனால் எந்தப் பாட்டுக்குக் கூட்டம் கைதட்டத் துணியும் என்பதில் அதற்குப் பங்கு உண்டு.

ஐவரி கோஸ்ட்டின் அபிஜான் நகரில் கதை இன்னும் விசித்திரம். அங்கே புழங்கும் சி.எஃப்.ஏ. ஃபிராங்கின் மதிப்பை 1994 ஜனவரியில் ஒரே நாளில் பாதியாக்கினார்கள். பிரெஞ்சு ஃபிராங்கு ஒன்றுக்கு அதுவரை 50 சி.எஃப்.ஏ.; மறுநாள் 100. பாரிஸில் சம்பாதிக்கும் பிள்ளையின் மதிப்பு படுத்து எழுந்தபோது இரட்டிப்பாகியிருந்தது. 2002 செப்டம்பரில் உள்நாட்டுப் போர் மூண்டது. அந்த நேரத்தில் பாரிஸின் இரவு விடுதிகளில் விலையுயர்ந்த உடுப்போடு ஆடி, பாட்டுக்கு நடுவே நோட்டுகளை வீசிய ஐவரிய இளைஞர் கூட்டம் ஒன்று 'ஜெட் செட்' என்று தன்னை அழைத்துக்கொண்டது. அதன் தலைவர் டூக் சாகா 2003இல் வெளியிட்ட 'சகாசித்தே' பாட்டோடு 'கூப்பே-டெக்காலே' என்ற இசை அபிஜானில் வந்து இறங்கியது. ஊரடங்கு நகரத்தில் அதற்கு ஆடித் தீர்த்தார்கள். பாரிஸ் பணம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. இசையின் பெயரே தெருப்பேச்சில் ஏமாற்றிவிட்டு நழுவுவதைக் கண்ணடித்துச் சொல்கிறது. சாஷா நியூவெல் என்ற மானிடவியலாளர் அபிஜான் இளைஞர்களைப் பற்றிய தன் நூலில் (2012) காட்டுவதுபோல், இந்தப் பகட்டு நடிப்பு என்று எல்லோருக்கும் தெரியும். நன்றாக நடித்தவனை மதித்தார்கள். லாகோஸ் ஜானி நடிப்பு வராமல் மாட்டிக்கொண்டவன். டூக் சாகா நடிப்பையே தொழிலாக்கியவர். 2006இல், 32 வயதில், இறந்துபோனார்.

நைஜீரியாவுக்குத் திரும்புவோம். 1980-களின் நடுவில் அரசுத் தொலைக்காட்சி விளம்பரம் ஒன்றில், நாடு சரியில்லை, நான் கிளம்புகிறேன் என்று பெட்டியோடு நிற்கும் ஆண்ட்ரூ என்ற இளைஞன் வந்தான். போகாதே என்று சொல்ல எடுத்த விளம்பரம். மக்கள் ஆண்ட்ரூவின் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். பாடகி வேனோ மாரியோகே 'நைஜீரியா கோ சர்வைவ்' பாட்டில் ஆண்ட்ரூவைப் போக வேண்டாம் என்று கெஞ்ச வேண்டியிருந்தது. பத்தே ஆண்டுக்குள் ஜானி வந்து விழுந்த நாடு ஆண்ட்ரூ கிளம்பிப் போகும் நாடாகிவிட்டது. 1986இன் பொருளாதாரச் சீரமைப்புக்குப் பிறகு நைரா சரிந்துகொண்டே போய், 2004இல் ஒரு டாலருக்கு 130 நைராவைத் தாண்டியிருந்தது.

அந்த 2004இல் லண்டனிலிருந்து ஓர் இசைத்தொகுப்பு வந்தது. பெயர் 'அட்டிடே', வந்துவிட்டோம் என்று யொரூபாவில் அறிவிப்பு. பாடியவர் நைஜீரியாவின் கானோவில் வளர்ந்து பதின்வயதில் லண்டன் போனவர். தனக்கு அவர் வைத்துக்கொண்ட மேடைப் பெயர் 'ஜே.ஜே.சி.', அதாவது 'ஜானி ஜஸ்ட் கம்'. நைஜீரியத் தெருவில் புதிதாக வந்த அப்பாவியைச் சீண்டும் பழைய கிண்டல். கூட இருந்த குழுவின் பெயர் '419 ஸ்குவாட்'. அந்த எண் நைஜீரியக் குற்றவியல் சட்டத்தில் மோசடிக்கான பிரிவு. லண்டனில் நைஜீரியனைப் பற்றிச் சொல்லும் வசவையும், லாகோஸில் லண்டன்காரனைப் பற்றிச் சொல்லும் வசவையும் ஒரே உறையில் அச்சடித்துவிட்டார்கள். அவர்கள் வட்டத்திலிருந்த டான் ஜாஸியும் டி'பாஞ்சும் அதே ஆண்டு லண்டனை விட்டு லாகோஸ் வந்து 'மோ ஹிட்ஸ்' நிறுவனத்தைத் தொடங்கினார்கள். இன்று உலகம் ஆஃப்ரோபீட்ஸ் என்று ஆடும் இசைக்கு அடித்தளமிட்ட கூடங்களில் அது முக்கியமானது. ஜானிகளின் கையிலிருந்துதான் அந்த இசை வந்தது.

2023 ஜூனில் நைராவின் விலையைச் சந்தையிடம் விட்டார்கள். 2024 தொடக்கத்தில் ஒரு டாலருக்கு 1,500 நைராவைத் தாண்டியது. ஒவ்வொரு டிசம்பரிலும் லண்டனிலிருந்தும் ஹூஸ்டனிலிருந்தும் டொராண்டோவிலிருந்தும் லாகோஸுக்கு வந்து குவிகிறவர்களுக்கு இப்போது 'ஐ.ஜே.ஜி.பி.' என்று பெயர். 'ஐ ஜஸ்ட் காட் பேக்' என்பதன் சுருக்கம். அவர்களுடைய உச்சரிப்பைக் கிண்டலடிக்கும் குறுங்காணொளிகள் டிசம்பர் முழுக்க ஓடுகின்றன. ஃபேலாவின் தெரு செத்துப்போய்விடவில்லை. ஆனால் அந்த மாதத்தில் இரவு விடுதி மேசைக்கும் வாடகை வீட்டுக்கும் பவுண்டில் சம்பாதிப்பவரின் கைக்கு ஏற்ற விலைதான். உள்ளூர்க்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டு ஜனவரிக்காகக் காத்திருக்கிறார்கள். கிண்டல் காணொளி எடுக்கிறவரும் தன் பார்வையாளர்களில் லண்டன்காரர்கள் எத்தனை பேர் என்று பார்த்துக்கொள்கிறார். அங்கிருந்து பார்த்தால் விளம்பர வருமானம் கூடுதல், அதுவும் டாலரில்.